காதில் சொன்னது

நாய் குரைக்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.
பனிப்புயலில் வந்த எவனுடைய கெண்டைக்காலையும்
அது சும்மா விட்டதில்லை.
இவனைக் கண்டதும் அடுப்புக்குப் பின்னால் போய்
முகத்தைத் தரையோடு வைத்துக்கொண்டது.

வெளியே ஒரே ஒரு குதிரை.
பனியில் இரண்டு குதிரைகளின் குளம்படி.

பெயர் கேட்டேன்.
முகமூடி என்றான். பிறகு நெடுந்தாடி.
பிறகு, வழிநடந்து களைத்தவன்.
ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் என் முகத்தைப் பார்த்தான்,
செருப்புத் தைக்கிறவன் கால் அளவு பார்ப்பதுபோல.
எனக்கு ஒரே பெயர்தான். ஹல்பேரா.
அதையும் கூப்பிட இப்போது ஆளில்லை.

தொப்பியைக் கழற்றவில்லை. நல்லதுதான்.
அதன் நிழலில் ஒரு கண் இல்லாததை
நான் பார்க்காததுபோல இருக்க முடிந்தது.

யாராயிருந்தாலும் விருந்தாளி.
காய்ந்த மீனைக் கல்லில் அடித்து வெண்ணெய் தடவி வைத்தேன்.
புளித்த மோரும் வைத்தேன்.
மீனை நாய்ப் பக்கம் தள்ளினான்.
நாய் அதைத் தொடவில்லை.

கூரைப் புல்லில் அண்டங்காக்கைகள் இரண்டு
இறங்கி உட்காரும் சத்தம்.
"விடிந்ததும் உலகம் சுற்ற அனுப்புவேன்" என்றான்.
"ஒன்று நினைப்பு. இன்னொன்று ஞாபகம்.
ஞாபகம் ஒருநாள் வராமல் போய்விடுமோ என்றுதான் பயம்."
"உனக்கென்னப்பா" என்றேன்.
"என்னுடையது ஒருநாளும் தவறியதில்லை.
விளக்கு ஏற்றுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடும்.
வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ."

எடுத்துக்கொள்ளவில்லை.
கொடுப்பதை எடுக்கிற வழக்கம் அவனுக்கில்லை.

அவன் உட்கார்ந்திருந்த சுவர்ப்பலகையில்தான்
நான்கு இரவு கிடந்தான் என் ஸ்கெக்கி.
கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைப் பங்கு போடும்போது
கொழுப்பு அறுக்கும் கத்தி வயிற்றில் இறங்கிவிட்டது.
வெங்காயம் நிறையப் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன்.
ருசித்துக் குடித்தான்.
கொஞ்சநேரம் கழித்துக் கட்டை அவிழ்த்துக்
காயத்தை முகர்ந்தேன்.
வெங்காயம் மணத்தது.

"உன் பெண்கள் வந்து அவனைத் தேர்ந்தெடுத்தார்களாம்.
எயோல்வ் ஆறுதல் சொன்னான்.
திமிங்கிலக் கொழுப்புச் சண்டைக்குமா ஆள் அனுப்புகிறாய்?"

"கடைசிப் போருக்கு ஆள் போதவில்லை."
"ஜெயிப்பாயா?"
"மாட்டேன்."
"தெரியுமா, நிச்சயமாக?"
"அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு கண்ணைக் கொடுத்தேன்."

அடுப்பில் சாணவறட்டி சரிந்தது. தள்ளிவிட்டேன்.

"உன் மகனைச் சிதையில் வைத்தபோது
காதில் ஏதோ சொன்னாயாம்.
ஊர் ஊராக அதை விடுகதையாகப் போடுகிறார்கள்."
அவன் கை ஈட்டிக்குப் போனது.
"பயப்படாதே. நான் கேட்கப் போவதில்லை.
நான் என்ன சொன்னேன் என்று சொல்கிறேன்.
ஸ்கெக்கி மூச்சு நின்றபிறகு குனிந்து சொன்னேன்:
கறுப்பாடு குட்டி போட்டுவிட்டது. இரண்டு.
ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளை.
நான்கு நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தான்.
அரைநாழிகை பிந்திவிட்டது."

ஈட்டியிலிருந்து கை இறங்கியது.
ஒரு கண்ணில்தான் நீர் வந்தது.
இன்னொன்று எங்கோ கிணற்றடியில் கிடக்கிறது.
அங்கே தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியிருந்தால்
யார் போய் அளப்பது?

விடியும் முன் எழுந்தான்.
மீன் அப்படியே. மோர்க் கிண்ணம் காலி.
ஒன்பது உலகமும் அறிந்தவன்
வாசலில் நின்று, திரும்பாமல் கேட்டான்:
"அந்த வெள்ளை நெற்றிக் குட்டி?"

"இருக்கிறது. பெட்டை.
வரும் வசந்தத்தில் அதுவும் ஈனும்."

தலையசைத்துவிட்டுப் பனிக்குள் போனான்.
அதற்கப்புறம்தான் குரைத்தது நாய்,
வெகுநேரம்.